ஓர் அட்டை வந்த வழி: கொரோமோ முதல் பங்காருபாளையம் வரை

ஒரு செவ்வகத் தாள். அழுக்குப் படாமலிருக்க அதற்கொரு வினைல் உறை. எந்த உதிரிபாகம், பெட்டிக்கு எத்தனை, எந்தப் பிரிவிலிருந்து எந்தப் பிரிவுக்கு என்ற விவரங்கள் மட்டும் அதில் இருக்கும். ஜப்பானின் டொயோட்டா ஆலையில் பிறந்த கான்பான் அட்டை இதுதான். இன்று சென்னை ஓஎம்ஆரிலும் பெங்களூருவிலும் ஹைதராபாத்திலும் மென்பொருள் எழுதுகிறவர்களின் திரையில், இடமிருந்து வலமாக நகரும் வண்ணக் கட்டமாக அது வாழ்கிறது. ஆலை, நூலகம், மென்பொருள் அறை, அரண்மனைத் தோட்டம் என்று பல வாசல்கள் ஏறி இறங்கி வந்த அட்டை அது.

போன இடத்திலெல்லாம் அது ஒரே வேலையைத்தான் செய்திருக்கிறது. வேலை தெரிந்தவரையும் வேலை தேவைப்படுகிறவரையும் சரியான நேரத்தில் பேச வைத்திருக்கிறது. அந்தப் பேச்சு நின்றுபோன இடங்களில் அட்டை வெறும் சீட்டாகிவிட்டது. அதன் பயணத்தை முழுதாகப் பார்த்தால் இது விளங்கும். ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்துப் பங்காருபாளையத்தில், மாங்காய் லோடோடு காத்து நிற்கும் விவசாயிக்கும் இதில் எடுத்துக்கொள்ள விஷயம் இருக்கிறது.

பட்டறையில் பிறப்பு

போர் முடிந்த ஜப்பானில் டொயோட்டாவிடம் பணம் இல்லை. 1950இல் அங்கே ஆட்குறைப்பு வந்தது, வேலைநிறுத்தம் வந்தது, நிறுவனர் கீச்சிரோ டொயோடா பதவி விலகினார். செய்து குவித்துவிட்டு விற்கும்வரை காத்திருக்கும் வசதி அந்த நிறுவனத்துக்கு இல்லை. கொரோமோ ஆலையின் இயந்திரப் பட்டறையைக் கவனித்துவந்த டைச்சி ஓனோவின் மனத்தில் அமெரிக்க சூப்பர் மார்க்கெட் பற்றிய எண்ணம் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே வாடிக்கையாளர் தனக்கு வேண்டியதை, வேண்டிய அளவு, வேண்டும்போது எடுத்துப் போகிறார். காலியான இடத்தைக் கடைக்காரர் நிரப்புகிறார். ஆலையிலும் பின்னால் வரும் பிரிவு வாடிக்கையாளராகவும் முன்னால் இருக்கும் பிரிவு கடையாகவும் இருந்தால் என்ன? 1953இல் இதை அவர் தன் பட்டறையில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்.

வண்டி பூட்டும் இடத்தில் நிற்பவர் ஒரு பெட்டியைத் திறந்து முதல் பாகத்தை எடுக்கிறார். உடனே அந்தப் பெட்டியின் அட்டையைக் கழற்றி அதற்கான இடத்தில் போடுகிறார். அட்டை திரும்பிப் போய், அந்தப் பாகத்தைச் செய்யும் பிரிவை அடைகிறது. அங்கே அட்டையில் உள்ள எண்ணிக்கைக்கு மட்டும் பாகங்கள் செய்து, அட்டையைப் பெட்டியில் வைத்து அனுப்புகிறார்கள். அட்டை வராவிட்டால் இயந்திரம் ஓடாது. கை சும்மா இருக்கிறதே என்று நாலு கூடுதலாகச் செய்து அடுக்கக் கூடாது. பழுதான பாகத்தை அடுத்தவரிடம் தள்ளிவிடவும் கூடாது.

ஓனோவின் கூர்மை அடுத்த படியில் தெரிகிறது. வேலை சீராக ஓடத் தொடங்கியதும் சுற்றிலுள்ள அட்டைகளில் சிலவற்றை எடுத்துவிடுவது அந்த முறையின் ஓர் அங்கம். அட்டை குறைந்தால் கையிருப்பு குறையும். அதுவரை பெட்டிக் குவியலுக்குப் பின்னால் மறைந்திருந்த கோளாறு வெளியே வரும். அடிக்கடி நின்றுபோகும் இயந்திரம் எது, அச்சு மாற்ற நேரம் பிடிக்கும் இடம் எது என்பதெல்லாம் எல்லார் கண்ணிலும் படும். அங்கே வேலை செய்கிறவர்கள் கூடி நின்று காரணம் தேடியாக வேண்டும். அதாவது, ஆலைக்குள் அறிவு பிறக்கும் இடத்தை அட்டை சுட்டிக்காட்டியது. 1962இல் இந்த முறை டொயோட்டா முழுவதற்கும் பரவியது.

இந்தியாவுக்கு இந்தச் சிந்தனை வாகனத் தொழிலின் தோளேறி வந்தது. சென்னை பாடியில் இயங்கிய சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998இல் தர மேலாண்மைக்கான ஜப்பானின் டெமிங் விருதைப் பெற்றது. இந்திய நிறுவனம் ஒன்று அந்த விருதைப் பெற்றது அதுவே முதல்முறை. பெங்களூருவை அடுத்த பிடதியில் டொயோட்டா கிர்லோஸ்கர் ஆலை 1999 டிசம்பரில் வண்டிகளைச் செய்யத் தொடங்கியது.

ரொட்டி பிசைந்த பொறியாளர்

அட்டை ஆலைக்குள் சுற்றிவந்த காலத்தில், அறிவு என்பது எங்கே இருக்கிறது என்ற கேள்வி பல்கலைக்கழகங்களில் எழுந்தது. மைக்கேல் போலன்யி 1966இல் வெளியிட்ட நூலில், மனிதர் வாயால் சொல்ல முடிந்ததைவிட அவருக்குத் தெரிந்தது அதிகம் என்று வாதிட்டார். சைக்கிள் ஓட்டத் தெரிந்தவரால் விழாமல் இருப்பது எப்படி என்று எழுதித் தர முடிவதில்லை. ஜப்பானிய அறிஞர் இகுஜிரோ நோனாகா இந்தக் கருத்தை நிறுவனங்களுக்குள் கொண்டுபோனார்.

1991இல் வந்த அவருடைய கட்டுரையில் இடம்பெற்ற ஒரு நிகழ்ச்சி அறிவு மேலாண்மைத் துறையில் எல்லாருக்கும் தெரிந்தது. ஒசாகாவில் மட்சுஷிடா நிறுவனம் வீட்டில் ரொட்டி செய்யும் இயந்திரத்தை உருவாக்கப் போராடிக்கொண்டிருந்தது. மாவு சரியாகப் பிசையவில்லை. மேற்புறம் கருகியது, உள்ளே வேகவில்லை. நல்ல ரொட்டி மாவையும் இயந்திரத்தின் மாவையும் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தும் விடை கிடைக்கவில்லை. மென்பொருள் பணியில் இருந்த இகுகோ தனாகா, அந்த நகரிலேயே நல்ல ரொட்டிக்குப் பேர்போன ஒசாகா இன்டர்நேஷனல் ஹோட்டலின் தலைமை ரொட்டிக்காரரிடம் போய்ப் பயிற்சிக்கு நின்றார். கூடவே நின்று பிசைந்தபோதுதான், அவர் மாவை ஒரு தனி விதமாக இழுத்து முறுக்குவது கண்ணில் பட்டது. பொறியாளர்களோடு சேர்ந்து ஓராண்டு போல முயன்றபின், இயந்திரத்தின் உட்புறத்தில் விலா எலும்பு போன்ற சிறு மேடுகளை அமைத்து அந்த இழுப்பைக் கொண்டுவந்தார்கள்.

ரொட்டிக்காரரிடம் படிவம் கொடுத்து நிரப்பச் சொல்லியிருந்தால் அந்த முறுக்கு அதில் வந்திருக்காது. கைக்குள் இருக்கும் அறிவு பக்கத்தில் நின்றால்தான் மாறும், மாறிய பிறகுதான் அதை வரைபடமாக்க முடியும், வரைபடமானதை இன்னொருவர் செய்து பழகித் தன் கைக்குள் மறுபடி ஏற்றிக்கொள்ள வேண்டும். நோனாகாவின் கோட்பாடு இந்தச் சுழற்சியைத்தான் சொல்கிறது.

இதே நோனாகா, ஹிரோடாகா தகேயுச்சியோடு சேர்ந்து 1986இல் இன்னொரு கட்டுரை எழுதியிருந்தார். ஹோண்டா, கேனன் போன்ற நிறுவனங்களில் புதுப் பொருள் உருவாக்கும் குழுக்கள், ஒரு துறை முடித்து அடுத்த துறைக்குக் கைமாற்றும் வழக்கத்தை விட்டுவிட்டு, ரக்பி ஆட்டக்காரர்களைப் போல ஒன்றாகப் பந்தை நகர்த்துகின்றன என்றது அந்தக் கட்டுரை. அமெரிக்காவில் ஜெஃப் சதர்லேண்ட் 1993இல் தன் மென்பொருள் குழுவுக்கு வகுத்த முறைக்கு ஸ்க்ரம் என்ற பெயர் அங்கிருந்துதான் வந்தது. அறிவு மேலாண்மையும், ஸ்க்ரம் போன்ற மென்பொருள் முறைகளை உள்ளடக்கிய அஜைல் முறையும் ஒரே கிணற்றுத் தண்ணீர் என்று சொல்வதற்கு இந்த ஒரு கட்டுரையே போதிய சாட்சி.

மென்பொருள் அறைக்குள்

மென்பொருள் உலகத்துக்கு அட்டை இன்னொரு வாசல் வழியாகவும் வந்து சேர்ந்தது. நூலகத்தில் புத்தக விவரம் எழுதி வைப்பார்களே, அந்தச் சின்ன அட்டையை வார்டு கன்னிங்ஹாமும் கென்ட் பெக்கும் கையில் எடுத்தார்கள். ஒரு நிரலின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் அட்டை. அது என்ன பொறுப்பைச் சுமக்கிறது, யாரோடு சேர்ந்து வேலை செய்கிறது என்று அதில் எழுதி, மேசைமேல் பரப்பி, கையால் நகர்த்தி விவாதிக்கும் முறையை 1989இல் கட்டுரையாக்கினார்கள். அட்டை கொள்ளாத அளவுக்கு எழுத்து நீண்டால், அந்த உறுப்பைப் பிரிக்க வேண்டும் என்று பொருள். இடப் பற்றாக்குறையே அங்கே ஒழுங்கு கற்றுக்கொடுத்தது.

1996இல் கிரைஸ்லர் நிறுவனத்தின் சம்பளக் கணக்கு மென்பொருள் திட்டத்துக்கு கென்ட் பெக் வந்தபோது, வாடிக்கையாளர் கேட்கும் ஒவ்வொரு வசதியும் ஓர் அட்டையில் ஓரிரு வரியாக ஏறியது. நூறு பக்கத் தேவை ஆவணத்தின் இடத்தில் ஓர் அட்டைக் கட்டு வந்து உட்கார்ந்தது. ஓரிரு வரியை வைத்துக்கொண்டு எப்படி மென்பொருள் எழுதுவது என்று கேட்கலாம். அந்தத் திட்டத்தில் இருந்த ரான் ஜெஃப்ரிஸ் 2001இல் இதற்கு மூன்று படிகளாக விடை சொன்னார். முதலில் அட்டை, அடுத்து அதை வைத்து நடக்கும் உரையாடல், கடைசியில் சொன்னபடி வந்ததா என்ற உறுதிப்பாடு. அட்டையில் எழுத்து குறைவாக இருப்பதால்தான் எழுதுகிறவர் எழுந்துபோய்க் கேட்க வேண்டியிருக்கிறது. கேட்கும்போதுதான், ஆவணத்தில் ஏறாத விஷயம் வாடிக்கையாளர் வாயிலிருந்து வருகிறது. அதே 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து ஸ்னோபேர்டில் 17 பேர் கூடி அஜைல் அறிக்கையை எழுதினார்கள். பெக், கன்னிங்ஹாம், ஜெஃப்ரிஸ், சதர்லேண்ட் நால்வரும் அதில் இருந்தார்கள்.

இந்தியாவில் இரண்டு சோதனைகள்

அப்போது இந்திய ஐடி நிறுவனங்களுக்கு வேறொரு கவலை. ஆயிரக்கணக்கில் ஆள் சேர்கிறார்கள், ஒரு குழு கற்றதை அடுத்த குழு அறியாமல் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. இன்ஃபோசிஸ் இதை மனம்வைத்துத் தீர்க்கப் பார்த்தது. ஊழியர்கள் தம் அனுபவத்தை எழுதிப் பதிவிட கே-ஷாப் என்ற உள்தளத்தை அமைத்தது. எழுதுகிறவருக்கும் மதிப்பிடுகிறவருக்கும் புள்ளிகள் கிடைக்கும், அவற்றைப் பரிசாக மாற்றிக்கொள்ளலாம். நோக்கம் நல்லது. ஆனால் புள்ளிக்காக வந்து குவிந்த பதிவுகளில் தரம் குறைந்தவையும் நிறைய இருந்தன. சரிபார்க்கும் நிபுணர்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. வேண்டியதைத் தேடி எடுப்பது கடினமாயிற்று. நிறுவனமே அதை உணர்ந்து திருத்தங்கள் செய்தது. ரகு கருட், அருண் குமாரசுவாமி ஆகிய ஆய்வாளர்கள் 2005இல் இதை விரிவாக எழுதினார்கள். கேட்பாரில்லாமல் செய்து குவித்த சரக்கு ஆலையில் எப்படிச் சுமையோ, அறிவிலும் அப்படித்தான் என்பதற்கு இது நமக்குக் கிடைத்த நேரடிப் பாடம்.

இரண்டாவது சோதனை 2004இல் ஹைதராபாத்தில் நடந்தது. மைக்ரோசாஃப்டின் உள்ளகப் பயன்பாட்டு மென்பொருள்களில் சிறு திருத்தங்கள் செய்து தரும் குழு அது. நிரல் எழுத மூன்று பேர், சோதிக்க மூன்று பேர். நாலு மேலாளர்கள் அமெரிக்காவிலிருந்து வேலை அனுப்புவார்கள். 80க்கும் மேற்பட்ட கோரிக்கைகள் தேங்கிக் கிடந்தன. ஒரு சிறு திருத்தம் முடிந்து வர ஏறத்தாழ ஐந்து மாதம். திறமையும் உழைப்பும் குறைவில்லாத குழுதான், ஆனாலும் வாடிக்கையாளர்கள் அதைக் கடைசி இடத்தில் வைத்திருந்தார்கள்.

பொறுப்பேற்ற டிராகோஸ் டுமிட்ரியு, அப்போது மைக்ரோசாஃப்டில் இருந்த டேவிட் ஆண்டர்சனின் ஆலோசனையைக் கேட்டார். இருவரும் வேலை ஓடும் பாதையைக் கோடு போட்டுப் பார்த்தார்கள். புதிய கோரிக்கை வந்ததும் இரண்டு நாளுக்குள் மதிப்பீடு கொடுக்க வேண்டும் என்பது விதி. அதற்காக, கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு எழுதுகிறவர் ஒருவரும் சோதிப்பவர் ஒருவரும் உட்கார வேண்டும். குழுவின் சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இப்படிப் போனது. அப்படி மதிப்பிட்டவற்றில் ஏறத்தாழ பாதி, கடைசியில் செய்யப்படவே இல்லை.

மதிப்பீட்டை நிறுத்தினார்கள். குழு ஒரே நேரத்தில் எத்தனை வேலையைக் கையில் எடுக்கலாம் என்று வரம்பு வைத்தார்கள். ஓரிடம் காலியானால்தான் அடுத்த கோரிக்கை உள்ளே வரும். எது வரவேண்டும் என்பதை அந்த நாலு மேலாளர்களும் வாரந்தோறும் கூடிப் பேசித் தீர்மானிப்பார்கள். உள்ளே வந்த வேலை 25 நாளுக்குள் முடியும் என்று வாக்குக் கொடுத்தார்கள். பிறகு தேவைக்கேற்ப, சோதிப்பவரில் ஒருவரின் இடத்தை நிரல் எழுதுபவருக்கு மாற்றினார்கள். 2005 இறுதிக்குள் தேக்கம் தீர்ந்தது. ஐந்து மாதம் இரண்டு வாரமாகச் சுருங்கியது.

அங்கே சுவரில் அட்டை எதுவும் ஒட்டவில்லை, கணினிப் பதிவில்தான் எல்லாம் நடந்தது. ஆனாலும் ஓனோவின் அட்டை செய்ததை அந்த வரம்பு செய்தது. முன்பு தத்தம் வேலையை மட்டும் திணித்துக்கொண்டிருந்த நாலு பேர், இருக்கும் ஓரிடத்துக்காக ஒருவரோடொருவர் பேச வேண்டியதாயிற்று. யாருடைய அவசரம் உண்மையில் அவசரம் என்ற அறிவு அதுவரை எந்த ஆவணத்திலும் இருந்ததில்லை. அது அந்தப் பேச்சில் பிறந்தது.

2005 வசந்தத்தில் ஆண்டர்சன் டோக்கியோ போயிருந்தார். அங்கே பேரரசர் அரண்மனையின் கிழக்குத் தோட்டத்துக்குள் நுழையக் கட்டணம் இல்லை, ஆனால் வாசலில் ஆளுக்கொரு பிளாஸ்டிக் அட்டை கொடுத்தார்கள். வெளியே வரும்போது அதைத் திருப்பித் தர வேண்டும். இருக்கும் அட்டைகளின் எண்ணிக்கைக்கு மேல் தோட்டத்தில் கூட்டம் சேராது. கான்பான் ஆலைக்கு மட்டும் உரியதில்லை என்று அங்கே தெளிந்ததைத் தன் 2010ஆம் ஆண்டு நூலில் எழுதியிருக்கிறார். அடுத்து அவர் வேலை பார்த்த கோர்பிஸ் நிறுவனத்தில் அட்டை சுவரேறியது. பின்னர் உலகெங்கும் அலுவலகச் சுவர்களில் ஒட்டுத்தாள்கள் நிரம்பின. அமெரிக்க வாடிக்கையாளருக்கு பெங்களூருச் சுவர் தெரியாதாகையால் அது ஜிரா என்ற மென்பொருளின் திரைக்குள் போனது. 2020இல் கொரோனா வந்து எல்லாரும் வீட்டிலிருந்து வேலை பார்த்தபோது சுவர் முற்றாகக் காலியானது.

திரைக்குள் போன அட்டைக்கு ஓர் ஆபத்து உண்டு. சுவரில் அதைச் சுற்றி நின்று பேசாமல் வேலை நகராது. திரையில் பேசாமலே நகர்த்திவிடலாம். பல அலுவலகங்களில் இன்று காலைக் கூட்டம் நேற்று என்ன செய்தாய் என்ற வருகைப் பதிவாகவும், அட்டை மேலாளர் பார்க்கும் கணக்குச் சீட்டாகவும் சுருங்கியிருக்கின்றன. இதை அஜைல் என்று அழைப்பது அந்த 17 பேர் எழுதியதற்கு நியாயம் செய்வதாகாது.

டோக்கனாக, நம் ஊரில்

தோட்டத்து அட்டையின் நெருங்கிய உறவு திருப்பதியில் இருக்கிறது. சர்வ தரிசனத்துக்கு வருகிறவர்களுக்குக் கீழ்த் திருப்பதியிலேயே நேரம் குறித்த டோக்கன் தருகிறார்கள். அதோடு போனால், வைகுண்டம் வரிசை வளாகத்தின் அறைகளில் அடைந்து காத்திருக்கும் நேரம் பெரிதும் குறைகிறது. ஆனால் 2025 ஜனவரி 8 அன்று, வைகுண்ட வாசல் தரிசன டோக்கன் வாங்கவே திருப்பதியில் பெருங்கூட்டம் திரண்டு, நெரிசலில் ஆறு பேர் உயிரிழந்தார்கள். தரிசன வரிசையைக் காக்க வந்த டோக்கன், தனக்கே ஒரு வரிசையை உண்டாக்கிக்கொண்டது. வரம்பு வைத்தால் மட்டும் போதாது. எப்போது, எங்கே, எத்தனை கிடைக்கும் என்பது வருகிறவருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும்.

அதே ஆண்டின் கோடையில் பங்காருபாளையத்திலும் டோக்கன் வரிசையைத் தீர்க்கவில்லை. சித்தூரிலிருந்து பலமநேர் போகும் வழியில் உள்ள இந்த ஊரின் மார்க்கெட் யார்டு மாங்காய்க்குப் பேர்போனது. கிருஷ்ணகிரிப் பக்கத்தில் பெங்களூரா என்றும் மற்ற இடங்களில் கிளிமூக்கு என்றும் சொல்லும் தோதாபுரி ரகம்தான் இங்கே பெரும்பங்கு. மாங்கூழ் ஆலைகளை நம்பி வளர்க்கும் காய் அது. 2025இல் விளைச்சல் கொட்டியது. ஆலைகளிலோ முந்தைய ஆண்டின் கூழ் விற்காமல் கிடந்தது. விலை சரிந்தது. கிலோவுக்கு ஆலைகள் 8 ரூபாய், அரசு 4 ரூபாய், ஆக 12 ரூபாய் என்று அரசு அறிவித்தது. ஆலைகள் டோக்கன் கொடுத்து லோடு இறக்கின. ஆலை வாசலில் டிராக்டர்கள் நீண்ட வரிசையில் நின்றன. காய் வண்டியிலேயே பழுத்து அழுகியது.

இதே பங்காருபாளையம் மண்டலத்தின் நூனெகுண்ட்லபள்ளியில் அமர ராஜா நிறுவனத்தின் பேட்டரி ஆலை வளாகம் இருக்கிறது. வாகன ஆலைக்கு பேட்டரி கொடுக்கும் எந்த நிறுவனமும், கேட்ட நாளில் கேட்ட எண்ணிக்கையை அனுப்பியாக வேண்டும். வாங்குகிறவரும் வரப்போகும் தேவையை முன்னதாகவே சொல்லிவிடுவார். ஒரே மண்டலத்துக்குள், ஒரு வாசலில் தேவை பொருளுக்கு முன்னால் வந்து சேர்கிறது. இன்னொரு வாசலில், பறித்த காய் வந்து நின்றபிறகுதான் தேவை எவ்வளவு என்று தெரிகிறது.

மாங்காய் டோக்கனில் குறை எங்கே இருக்கிறது? ஓனோவின் அட்டை இரண்டு பக்கத்தையும் கட்டியது. அட்டை இல்லாமல் செய்யக் கூடாது என்பது செய்கிறவருக்கு விதி. எடுத்த அளவுக்கு மட்டும் அட்டை அனுப்ப வேண்டும் என்பது எடுக்கிறவருக்கு விதி. ஹைதராபாத் குழுவும் வரம்பு வைத்ததோடு நிற்காமல் 25 நாள் என்று வாக்குக் கொடுத்தது. ஆலை வாசலில் கிடைக்கும் டோக்கன் விவசாயியை மட்டும் கட்டுகிறது. அது கைக்கு வரும்போது காய் மரத்தைவிட்டு இறங்கியிருக்கிறது. பறித்த காய்க்கு நாள் கணக்குத்தான் ஆயுள், அதனால் வந்த விலைக்குத் தள்ளிவிடுவதைத் தவிர அவருக்கு வழியில்லை. ஆலைக்குள் எவ்வளவு கூழ் இருக்கிறது, நாளைக்கு எத்தனை டன் அரைபடும் என்பது ஆலைக்குத் தெரியும். எந்தத் தோப்பில் எந்த வாரம் காய் முற்றும் என்பது, காம்பைப் பார்த்தே சொல்லும் விவசாயிக்குத் தெரியும். இரண்டு அறிவும் சந்திக்கும் முதல் இடம் ஆலை வாசலாக இருக்கிறது. அதுவரை காத்திருந்தால் மிகத் தாமதம்.

இதைச் சரிசெய்யப் பெரிய மென்பொருள் தேவையில்லை. பறிப்பு தொடங்குவதற்கு முன்னால் டோக்கன் விவசாயியின் கைக்கு வரட்டும். அதில் நாளும் டன்னும் குறித்திருக்கட்டும். அந்த நாளில் லோடை இறக்கிக்கொள்வது ஆலையின் கடமையாக இருக்கட்டும். பருவம் தொடங்கும் மே மாதத்திலிருந்து வாரம் ஒருமுறை ஆலைக்காரர்கள், விவசாயிகள், தோட்டக்கலைத் துறை அதிகாரிகள் மூவரும் பங்காருபாளையம் யார்டில் உட்கார்ந்து, அடுத்த வாரத்துக்கு எத்தனை டோக்கன் என்று பேசி முடிவெடுக்கட்டும். ஒரே பருவத்தில் வந்து விழும் அபரிமித விளைச்சலை இது ஒழித்துவிடாது, உலகச் சந்தையில் கூழின் விலையையும் ஏற்றிவிடாது. ஆனால் எவ்வளவு காய் மிஞ்சும் என்பது, அது மரத்தில் இருக்கும்போதே எல்லாருக்கும் தெரிந்துவிடும். இப்படிக் கிடைக்கும் அவகாசத்தில் வேறு சந்தை தேடலாம், அரசும் வண்டிகள் தெருவில் நிற்பதற்கு முன்னால் முடிவெடுக்கலாம்.

எழுபது ஆண்டுகளாக இந்த அட்டை நாடு நாடாகப் போய்க் காட்டியது இதுதான். பொருளுக்கு முன்னால் தகவல் நகர வேண்டும். தெரிந்தவரும் தேவைப்படுகிறவரும் பேசுவதற்கு ஒரு நாளும் ஓர் இடமும் வேண்டும். டோக்கன் ஏற்கெனவே பங்காருபாளையத்துக்கு வந்துவிட்டது. அதைச் சுற்றி உட்கார்ந்து பேசும் அந்த வாராந்திரக் கூட்டம்தான் இன்னும் வரவில்லை.